கரையில் நின்ற கோடு

முதல் நாள் ஓட்டோவில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

முன்னுக்குக் கிண்ணியா நானா. ஓட்டோ அவருடையது. பின்னுக்கு இடப்பக்கம் மாஸ்டர், பென்சன் எடுத்த தமிழ் வாத்தியார், கையில் சுருட்டிய பெரிய கடதாசி. வலப்பக்கம் நான். நடுவில் மச்சானின் மகள், கனடாவில் இருந்து வந்தவள். அவள் மடியில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் மச்சான்.

நானா திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

"பின்னால மூணு பேருக்கு மேல ஏத்தினா பொலிஸ் பிடிப்பான். இவரு கணக்கில வாறாரா, இல்லையா?"

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. மகள் சிரித்துவிட்டாள். தகப்பன் போன பிறகு சிரித்தது அப்போதுதான் என்று பிறகு சொன்னாள்.

மச்சான் என்று சொன்னாலும் உறவு இல்லை. திருக்கடலூர்க் கரையில் அடுத்தடுத்த வீடு. அவனுடைய தகப்பனின் வள்ளத்தில் இரண்டு பேரும் கடலுக்குப் போனோம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவன் படித்தவன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்தில் அவனும் தூண்டில் பிடித்தான். பிறகு நாடு கெட்டது. அவன் போனான். நான் இருந்தேன்.

போன இடத்தில் ஒரு கதைப் புத்தகம் எழுதினான். ஒன்றே ஒன்று. அதில் வரும் ஊரின் பெயர் ஆமைத்துறை. அப்படி ஓர் ஊர் எங்கேயும் இல்லை. ஆனால் வாசித்த ஆட்கள் எல்லாரும் இது எங்களுடைய கரைதான் என்றார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான் என்றார்கள்.

மாஸ்டருக்கு அந்தப் புத்தகத்தில் பைத்தியம். ஆமைத்துறைக்கு வரைபடம் கீறத் தொடங்கினார். நகரத்துப் படத்தை ஒரு பெரிய கடதாசியில் பிரதி எடுத்து, புத்தகத்தில் வரும் இடம் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, சிவப்பு மையால் புள்ளி வைத்து இலக்கம் போட்டார். புத்தகத்தில் வரும் சந்தை எங்களுடைய மீன் சந்தை. புத்தகத்தில் ஆட்டுக்கூட்டம் ஒன்று றோட்டில் படுத்துக் கிடக்கும், பஸ் வந்தாலும் எழும்பாது. அது ஆடு இல்லை, எங்களுடைய நகரத்து றோட்டில் திரிகிற மான்கள் என்று மாஸ்டர் கண்டுபிடித்தார். எப்படி என்று கேட்டேன்.

"ஆட்டுக்குப் புள்ளி இருக்குமே? ஓரிடத்தில மறந்துபோய்ப் புள்ளி எண்டு எழுதிப்போட்டார். ஆள் அகப்பட்டிட்டார்."

கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரன் மாதிரி அவருக்குச் சந்தோசம். வாசிகசாலைச் சுவரில் படத்தைத் தொங்கவிடுவதாக ஏற்பாடு. எல்லா இடமும் பிடிபட்டுவிட்டது. ஒரு வீட்டைத் தவிர. அந்த வீடு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது.

மச்சான் போன பனிக்காலத்தில் இறந்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகளிடம் ஒன்று கேட்டிருக்கிறான். தன்னுடைய சாம்பலைக் கொண்டுவந்து அந்தப் புத்தகத்து வீட்டு வாசலில் விட வேண்டும். எந்த வீடு அப்பா என்று அவள் கேட்டிருக்கிறாள். வள்ளக்கார மாமாவுக்குத் தெரியும் என்றானாம். பிறகு அவன் கதைக்கவில்லையாம்.

வள்ளக்கார மாமா நான்.

எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னை முதல் கண்டபோது கேட்டதும் அதுதான். வந்த களைப்பு, வெயில், ஒன்றையும் பார்க்கவில்லை. "மாமா, அந்த வீடு எங்க?" நான் தேடுவோம் என்றேன். அவளுடைய முகம் ஒருமாதிரிப் போனது. அடுத்த கிழமை பிளேன். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவேன் என்றாள். மாஸ்டர், கடலில் கரைக்கலாம், முறையும் அதுதான் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

"அப்பா என்னட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு சேர். கண்ட கண்ட இடத்தில போடுறதுக்கு நான் இவ்வளவு தூரம் வரேல்லை."

ஓட்டோவுக்குள் மாஸ்டர் படத்தை விரித்தார். காற்றுக்கு அது என் முகத்தில் அடித்தது. புத்தகத்தில் அந்த வீட்டைப் பற்றி இருப்பதை அவர் மனப்பாடமாகச் சொன்னார். வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. இரண்டு கூட்டாளிகள் அதில் இருக்கிறார்கள், வாசலுக்கு ஒருவன். வேலி இல்லை. வீட்டின் நிலம் ஒரு நேரமும் சும்மா இராது. கிணற்றுக் கயிறு ஒன்பது பாகம். மேற்கு வாசல்காரன் இருந்து பார்த்தால் கோயில் கோபுரம் மலையின் கவட்டுக்குள் நிற்கும்.

"நிலம் சும்மா இராது எண்டால்?" என்று நானா கேட்டார்.

"குறியீடு. யுத்தகாலத்துப் பயம். மனசு ஆடுது, அதைத்தான் நிலம் ஆடுது எண்டு எழுதுறார்."

"எங்கட வாப்பாட ஊடும் ஆடும் சேர். கறையான்."

"கிணறுதான் பிழை" என்றார் மாஸ்டர். கை இரண்டையும் விரித்தால் ஒரு பாகம். எங்களுடைய கரையில் இரண்டு பாகம் தோண்டினாலே தண்ணீர். ஒன்பது பாகக் கிணறு இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? "இவ்வளவு காலம் வெளிநாட்டில இருந்தால் கிணறும் மறந்துபோகும்" என்று மகளுக்குச் சமாதானம் சொன்னார்.

ஆனால் கோபுரம் பிழையில்லை. கோபுரத்துக்குப் பின்னால் கன்னியாப் பக்கத்து மலை. அதற்கு இரண்டு தலை, நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கோபுரம் நிற்க வேண்டுமானால் பார்க்கிறவன் கோபுரத்துக்குக் கிழக்கே ஒரே நேரில் நிற்க வேண்டும். மாஸ்டர் மலையில் இருந்து கோபுரத்துக்கு அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, கோட்டைக் கிழக்கே இழுத்திருந்தார். கரைவரைக்கும் இழுத்து அங்கே நிறுத்தியிருந்தார். அந்தக் கோட்டில் மூன்று வீடுகள் இருந்தன.

"இதில ஒண்டுதான்" என்றார்.

நான் முதல் வீட்டைக் கண்டதும் இதுதான் என்று சொல்லிவிட்டேன். முன்னர் அது மச்சானின் பெரியம்மா இருந்த வீடு. கடலால் வந்து அங்கே சாப்பிட்டிருக்கிறோம். வாசல் எத்தனை என்றுகூட நான் யோசிக்கவில்லை. மகள் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போது அங்கே வேறு ஆட்கள். ஒரு மனிசி வெளியே வந்தாள். கனடாவில் இருந்து வந்த பிள்ளை என்றதும் கதிரை வந்தது, தோடம்பழச் சோடா வந்தது. மனிசியின் கண் பெட்டியில் இருந்தது.

"ஏன் பிள்ளை கரைச்சல் பட்டனீங்கள்? சொக்லேட் இஞ்சயும் இருக்குத்தானே."

மனிசி கை நீட்டினாள். மகள் பெட்டியை இழுத்தாள்.

"இது என்ர அப்பா" என்றாள்.

மனிசிக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. பிறகு சோடாவைத் திருப்பி வாங்கினாள். நாங்கள் கேற்றைத் தாண்டும்போது பின்னால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. "செத்த சாம்பலை நடு வீட்டுக்குள்ள கொண்டந்து வைக்கிறாங்கள். ஆடி மாசத்தில!"

"வாசல் ரெண்டு இருந்ததா?" என்று ஓட்டோவுக்குள் இருந்த நானா கேட்டார்.

"ஒண்டு" என்றேன்.

"அப்ப நல்லது. மத்த வாசலாலயும் துரத்தியிருப்பா."

இரண்டாவது வீட்டுக்கு ஆள் இல்லை. கூரையும் இல்லை. இரண்டு வாசல் இருந்தது, மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. மாஸ்டர் மேற்கு வாசலில் நின்று பார்த்தார். கோபுரம் தெரிந்தது, பின்னால் மலையின் ஒரு தலை மட்டும். நடுவில் ஒரு ஹோட்டலின் தண்ணீர்த் தாங்கி மறைத்தது. தாங்கி இல்லாவிட்டால் சரியாக இருக்கும் என்றார். மகளுக்கும் மனம் சாய்ந்தது. நான்தான் கிணற்றுக்குள் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டேன். ஒன்றரைப் பாகம். அதில் பாதி குப்பை.

"கிணத்தை விடுங்கோ" என்றார் மாஸ்டர். "கிணறு அவர்ர பிழையெண்டு சொன்னனான்தானே."

மகள் வாசலில் குந்தினாள். பெட்டியின் மூடியில் கை வைத்தாள். பிறகு எடுத்தாள்.

"இல்லை. அப்பா வள்ளக்கார மாமாவுக்குத் தெரியும் எண்டவர். மாமா, இதுதானோ?"

ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும். அவளுக்கும் ஆறுதல், மாஸ்டருக்கும் ஆறுதல். வாயில் வந்தது.

"தெரியேல்லை" என்றேன்.

மூன்றாவது வீடு இருந்த இடத்தில் அந்த ஹோட்டல்.

றோட்டோரக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். நானா பெட்டிக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார். மகள் தேத்தண்ணியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மாமா, நீங்கள் புத்தகம் வாசிச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்பா உங்களுக்கு ஒண்டு அனுப்பினவர்."

"ஓம். அலுமாரியில இருக்கு."

"ஏன் வாசிக்கேல்லை?"

"கண் தெரியேல்லை."

"கண் ஒப்பரேஷன் செய்து சரியாப்போச்செண்டு அப்பா சொன்னவர். நீங்கள்தானே அவருக்குச் சொன்னனீங்கள்."

"ஓம்."

நானா கதையை மாற்றி, கனடாவில் ஓட்டோ ஓடலாமா என்று விசாரித்தார்.

புத்தகம் வந்த காலத்தில் நான் வாசிக்கத் தொடங்கினேன். நாலு பக்கம் போனேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்குப் புத்தகம் ஒரு கடல். பிறகு பார்ப்போம் என்று வைத்தேன். மச்சான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் எடுப்பான். நான் கதைகாரன் இல்லை. எப்படி என்பான், இருக்கிறன் என்பேன். கடல் எப்படி என்பான், இருக்கு என்பேன். புத்தகம் வாசிச்சனியா என்பான். இன்னும் இல்லை என்பேன். "ஆறுதலா வாசி மச்சான், அதுக்கு ஒரு அவசரமும் இல்லை" என்பான். அப்படியே வைத்துவிடுவோம். கடைசித் தீபாவளிக்கும் அதேதான் கதைத்தோம்.

அன்றிரவு அலுமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். என் மனிசி லைற்றைப் போட்டாள். ஐந்தாம் பக்கத்தில் இருந்து தொடங்கினேன். பதினோராம் பக்கத்தில் நித்திரையாகிப் போனேன்.

அடுத்த நாள் பின்னேரம் மகளும் மாஸ்டரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நானா ஓட்டோவை வேலியோரம் விட்டுவிட்டு வாசற்படியில் இருந்தார். மகள் சொன்னாள்:

"நான் வாசிக்கிறன். நீங்கள் கேளுங்கோ. வீடு வாற இடங்கள் மட்டும்."

அவளுக்குத் தமிழ் வாசிப்பு என்னைப் போலத்தான். தகப்பன் படிப்பித்த தமிழ், சனிக்கிழமை வகுப்புத் தமிழ். தட்டித் தட்டி வாசித்தாள். மாஸ்டர் திருத்தப் போனார். நான் கை காட்டி நிறுத்தினேன். அந்த வேகம் எனக்குச் சரியாக இருந்தது.

இரண்டு கூட்டாளிகளும் வீட்டுக்குள் இருந்துகொண்டு குசினி எங்கே வைப்பது என்று சண்டை பிடிக்கிறார்கள். கலியாணம் கட்டினால் யாருடைய மனிசி எந்தப் பக்கம் என்று சண்டை பிடிக்கிறார்கள். இந்தச் சண்டை எனக்குத் தெரியும். எங்கே என்று பிடிபடவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது. கிழக்கு வாசல்காரன் ஊரை விட்டுப் போகிறான். போக முதல் தன்னுடைய வாசலில் இருந்து கடைசித் தரம் பார்க்கிறான். மகள் வாசித்தாள். பாறையின் வாலில் காக மூக்கு வெளியே வந்தது என்று இருந்தது.

"இந்தக் காகம்தான் எனக்கும் கன நாளாப் பிரச்சினை" என்றார் மாஸ்டர். "காகம் எண்டால் பிதிர். செத்தவை வந்து வழியனுப்பினம் எண்டு எடுக்கலாம். படத்தில போடேலாது."

நான் எழும்பினேன்.

காக மூக்கு காகம் இல்லை. அது எங்கள் இரண்டு பேருடைய சொல். வேறு ஒருவருக்கும் அது தெரியாது. நாங்கள் ஒருவருக்கும் சொன்னதும் இல்லை.

கடலில் ஓர் இடத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் கரையில் இரண்டு குறி வேண்டும். தண்ணீரில் புள்ளி வைக்க ஏலாது. ஒரு பக்கம் கோபுரத்தையும் மலையையும் ஒரு நேரில் எடுப்போம். மறுபக்கம் வேறு இரண்டை ஒரு நேரில் எடுப்போம். இரண்டு நேரும் எங்கே வெட்டுகிறதோ அங்கே நங்கூரம். இப்போது பெடியள் போனில் பார்த்துப் போகிறார்கள். அப்போது கண்தான். நானும் மச்சானும் ஒரு கல்லுப்பார் கண்டுபிடித்தோம், கடலுக்கு அடியில் கிடக்கும் பாறை. விளைமீனும் கலவாயும் அதில் குடியிருந்தன. அதற்கு மேற்குக் குறி, மலையின் கவட்டுக்குள் கோபுரம். கிழக்குக் குறி, கடலுக்குள் நீட்டி நிற்கும் மற்றக் கோயில் மலைப் பாறைக்குப் பின்னால் இருந்து அக்கரை முனை கறுப்பாக, கூராக வெளியே வரும் இடம். காகத்தின் மூக்கு மாதிரி. அது வெளியே வந்தவுடன் நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டினால் பார் இல்லை, சேறு.

கோபுரத்தை நான் பார்ப்பேன். மூக்கை அவன் பார்ப்பான்.

அங்கே நங்கூரம் போட்டுவிட்டுத் தூண்டிலை விட்டுக்கொண்டு இருக்கும்போது அவன் சொல்வான், இதுதான் மச்சான் எங்கட வீடு, வேலிச் சண்டை இல்லை, வாடகை இல்லை என்று. குசினியை நடுப்பலகையில் வைப்பான். நான் வேண்டாம் என்பேன். மீன் கடிக்காத நேரம் எல்லாம் அந்த வீட்டைக் கட்டுவோம். விளையாட்டு. நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

கதிரையில் கிடந்த படத்தை விரித்தேன். கோடு கரையில் நின்றது.

"சேர், இதை ஏன் இதில நிப்பாட்டினீங்கள்?"

"பிறகு கடல்தானே."

"ஓம். கடல்தான்."

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்தார். அடிமட்டம் கொண்டுவரவில்லை. என் மனிசியின் அகப்பைக் காம்பை வைத்துக் கோட்டைக் கடலுக்குள் இழுத்தார். பாறையில் இருந்தும் ஒரு கோடு நான் காட்டிய பக்கத்துக்கு இழுத்தார். இரண்டும் வெட்டின.

"நிலம் சும்மா இராது" என்றார். "கடவுளே. குறியீடு எண்டு நான் கட்டுரையே எழுதிப்போட்டன்."

"நானும் கடல்காரன்தானே சேர்" என்றேன். "வீடு எண்டவுடன நானும் கரையிலதான் தேடினனான்."

நானா வாசற்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "அங்க ஓட்டோ போகாது" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. புத்தகம் இன்னும் மடியில் விரிந்து கிடந்தது. மிச்சம் ஒரு பக்கம் இருந்தது. அதையும் வாசித்தாள்.

கிழக்கு வாசல்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து மேற்கு வாசலைத் தட்டுகிறான். கதவு பூட்டிக் கிடக்கிறது. கூட்டாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஆள் இல்லை. அல்லது ஆள் இருந்தும் திறக்கவில்லை. அவனுக்குக் கடைசிவரைக்கும் அது தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. போகிறான். அதோடு புத்தகம் முடிந்தது.

"அப்பா இதை அழுது அழுது எழுதினவர் எண்டு அம்மா சொல்லுவா" என்றாள். "மாமா, அப்பா வெளிக்கிட்ட அண்டைக்கு நீங்கள் பஸ் ஸ்ராண்டுக்கு வரேல்லையோ?"

"இல்லை."

"கோபமோ?"

"இல்லை."

"அப்ப?"

மனிசி குசினி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் நான் இதைச் சொன்னதில்லை.

"விடியக் கடலுக்குப் போனனான். தனிய. பஸ் வெளிக்கிடுற நேரம்வரைக்கும் நங்கூரம் போட்டு இருந்தனான்."

"எங்க?"

நான் படத்தைக் காட்டினேன். கோடு இரண்டும் வெட்டிய இடத்தை.

அன்றைக்கு மூக்கைப் பார்க்க ஆள் இல்லை. நானே இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பிடித்தேன். தூண்டில் கொண்டுபோகவில்லை. சும்மா இருந்தேன். பஸ் போயிருக்கும் என்று நினைத்த பிறகு திரும்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பாருக்கு நான் போனதில்லை. ஒருவருக்கும் காட்டிக் கொடுத்ததும் இல்லை.

நான் வீட்டில்தான் இருந்தேன். அது அவனுக்குத் தெரியாது. இத்தனை பொங்கல், இத்தனை தீபாவளி, போனில் ஒரு வசனம் போதும். கடைசிப் பக்கத்தை வாசித்திருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்ட கேள்வி என் அலுமாரியிலேயே கிடந்தது.

மறுநாள் காலை மருமகனின் வள்ளத்தைக் கேட்டு எடுத்தேன். எஞ்சினை நானே பிடித்தேன். மகள் முன்னுக்கு. மாஸ்டர் நடுப்பலகையில், படத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு. பாதி வழியில் சத்தி எடுத்தார். திரும்புவோமா என்று நான் கேட்டதற்கு, வாயைத் துடைத்துவிட்டு ஏலாது என்றார். நானா கரையில் நின்றார். வெள்ளைத் தொப்பி கனதூரம் தெரிந்தது.

சோழகக் காற்றுக் காலம். காலையில் கடல் படுத்துக் கிடந்தது.

கோபுரத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு ஹோட்டல். மலை மட்டும் அப்படியே இருந்தது. நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். கோபுரம் மெல்ல மெல்ல நகர்ந்து கவட்டுக்குள் போனது.

"கோபுரம் சரி" என்றேன். "பிள்ளை, நீ அந்தப் பக்கம் பார். பாறைக்குப் பின்னால கறுப்பா ஒண்டு வெளிய வரும். வந்தவுடன சொல்லு."

"இன்னும் இல்லை."

எஞ்சினைக் குறைத்தேன்.

"இன்னும் இல்லை... இல்லை... மாமா, வருது. வருது. வந்திட்டுது! நில்லுங்கோ!"

அவளுடைய தகப்பனும் இப்படித்தான் கத்துவான். கடைசிச் சொல்லைக் கத்துவான்.

நங்கூரத்தைப் போட்டேன். கயிறு ஓடியது. கல்லில் கொழுவிய மாதிரி கைக்குத் தெரிந்தது. சேறு இல்லை.

மகள் பெட்டியைத் திறந்தாள். "வாசல் எந்தப் பக்கம்?" என்றாள்.

"நீ இருக்கிற பக்கம்தான்."

குனிந்து சாம்பலைத் தண்ணீரில் விட்டாள். மெதுவாக விட்டாள். மாஸ்டர் தேவாரம் பாடினார். பூவைப் போட்டோம். பூ நகராமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றது.

"மாமா, நீங்கள் ஏதும் சொல்லுங்கோ."

நான் கதைகாரன் இல்லை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்.

"மச்சான், அண்டைக்கு நான் இஞ்சதான் நிண்டனான்."

வள்ளம் ஆடியது. மகள் பெட்டியைக் கடல் தண்ணீரில் கழுவி மூடினாள். மாஸ்டர் பொலித்தீனை அவிழ்த்துப் படத்தை முழங்காலில் விரித்தார். சிவப்புப் பேனையால் கடலுக்குள் ஒரு புள்ளி வைத்தார். கை ஆடியதில் புள்ளி கொஞ்சம் இழுபட்டது. இலக்கம் போடப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"கிணறு?" என்றார். "அளந்து பார்க்கேலுமோ?"

நங்கூரக் கயிற்றை நேர் குத்தாக வரும்வரைக்கும் இழுத்தேன். தண்ணீர் மட்டத்தில் விரலால் பிடித்தேன். பிறகு கயிற்றைக் கை விரித்து விரித்து எடுத்தேன். மகள் வாய்க்குள் எண்ணினாள். கடைசியில் நங்கூரம் மேலே வந்தது, நுனியில் ஒரு துண்டுப் பாசியோடு.

ஒன்பது பாகம்.